பெற்றோரைப் பிரிந்து வளரும் வளரிளம் பிள்ளைகளின் மனநலம்: மதுரை வட்டாரக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இவை யாரைப் பற்றிய கேள்விகள்?

திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கும், கேரளத்துக் கட்டட வேலைக்கும், வளைகுடா நாடுகளுக்கும், முறுக்குத் தொழிலுக்காக வடமாநிலங்களுக்கும் பெற்றோர் போய்விட, உசிலம்பட்டி, எழுமலை, பேரையூர், மேலூர் பக்கத்து ஊர்களில் அம்மாச்சி வீட்டிலோ அப்பத்தா வீட்டிலோ வளரும் பிள்ளைகளைப் பற்றியவையே இவற்றில் பெரும்பாலானவை. அரசு விடுதிகளில் தங்கிப் படிப்பவர்கள், பெற்றோர் பிரிந்துவிட்டதால் தாய்மாமன் வீட்டில் இருப்பவர்கள், தாயையோ தந்தையையோ சாவில் இழந்தவர்கள், குழந்தைகள் இல்லங்களில் வளர்பவர்கள் ஆகியோருக்கும் இவற்றில் பல பொருந்தும். 10 முதல் 19 வயது வரை உள்ளவர்களை உலக சுகாதார நிறுவனம் வளரிளம் பருவத்தினர் என்கிறது. அவர்களில் ஏழில் ஒருவருக்கு ஏதேனும் ஒரு மனநலச் சிக்கல் இருப்பதாகவும் அது கணக்கிடுகிறது. பெற்றோரைப் பிரிந்த பிள்ளைகள் எல்லோரும் மனநலம் கெட்டவர்கள் என்று யாரும் இதிலிருந்து முடிவுகட்டிவிட வேண்டாம். அவர்களில் பெரும்பாலானோர் தாங்கி நின்று நன்றாகவே வளர்கிறார்கள். எது அவர்களைத் தாங்கி நிறுத்துகிறது என்பதைத் தெரிந்துகொள்வதே இங்கு முக்கியம்.

பதின்மூன்று வயதாகிவிட்டது, தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்கிறான். இனியும் அம்மா அப்பா அருகில் இல்லாததை ஒரு குறையாக நினைப்பானா?

நினைப்பான், ஆனால் சின்னப் பிள்ளையைப் போல அழுது காட்டமாட்டான். சோறு ஊட்டவும் குளிப்பாட்டவும் ஆள் தேவைப்படும் வயது கடந்துவிட்டதால் பெற்றோரின் தேவையும் கடந்துவிட்டது என்று பெரியவர்கள் கணக்கிடுகிறார்கள். உண்மையில் இந்த வயதில் தேவை வேறொரு வடிவம் எடுக்கிறது. மூளையில் ஆசை, கோபம், அவமானம் போன்ற உணர்ச்சிகளைக் கிளப்பும் பகுதிகள் பருவமடையும் காலத்திலேயே வேகம் பிடித்துவிடுகின்றன. அவற்றை நிறுத்தி யோசிக்க வைக்கும் முன்மூளைப் பகுதியோ இருபத்தைந்து வயதையொட்டித்தான் முழுமையாக முதிர்கிறது. இடைப்பட்ட காலத்தில், பிள்ளை கத்தினாலும் விட்டுப்போகாத, சொன்னதைக் கேட்காவிட்டாலும் வெறுக்காத ஒரு பெரியவர் பக்கத்தில் இருக்க வேண்டும். பெற்றோரோடு சண்டை போடுவதும், மறுநாள் காலையில் அதே வீட்டில் ஒன்றும் நடக்காததுபோலக் காப்பி குடிப்பதும் இந்த வயதின் பாடங்களில் ஒன்று. வருடத்துக்குப் பத்து நாள் மட்டும் வந்துபோகும் அப்பாவோடு எந்தப் பிள்ளையும் சண்டை போடத் துணிவதில்லை. அந்தப் பத்து நாளும் எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்க, பேச வேண்டியதெல்லாம் பேசப்படாமலே போகிறது.

என் பேரன் முன்போல இல்லை. வெடுக்கென்று பேசுகிறான், முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இது வயதுக் கோளாறா, பெற்றோரைப் பிரிந்த ஏக்கமா?

இரண்டையும் கத்தரித்துப் பிரிக்க முடியாது, பிரிக்கவும் தேவையில்லை. எவ்வளவு நாளாக, எத்தனை இடங்களில் மாறியிருக்கிறான் என்று பாருங்கள். வீட்டில் எரிந்து விழுந்துவிட்டு, தெருவில் கூட்டாளிகளோடு கபடி ஆடும்போது பழையபடி சிரிக்கிறான் என்றால் பெரும்பாலும் பயப்பட வேண்டியதில்லை. விளையாட்டையும் விட்டுவிட்டான், சாப்பாடு குறைந்துவிட்டது, இரவில் தூக்கமில்லை அல்லது பகலெல்லாம் படுத்தே கிடக்கிறான், பள்ளிக்குப் போக மறுக்கிறான் என்ற நிலை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் உதவி தேட வேண்டும்.

பல பிள்ளைகளுக்கு வருத்தம் உடம்பில்தான் தெரியும். திங்கட்கிழமை காலையில் வரும் வயிற்றுவலி, எந்தச் சோதனையிலும் காரணம் கிடைக்காத தலைவலி, அம்மா வந்துபோன வாரத்தில் வரும் வாந்தி ஆகியவற்றை நடிப்பு என்று ஒதுக்கக் கூடாது, வலி நிஜமானது. ஆண் பிள்ளைகளின் துயரம் கோபமாக வெளிவருவதும் அடிக்கடி நடக்கிறது.

யாரும் கேட்காத ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். எந்தத் தொந்தரவும் தராமல், தம்பி தங்கைகளைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்பி, ரேஷன் கடைக்கும் போய்வந்து, அம்மாச்சிக்கு மாத்திரையும் எடுத்துக்கொடுக்கும் பதினான்கு வயதுப் பெண்ணைத் தெருவே மெச்சுகிறது. தான் அழுதால் வீடு சரிந்துவிடும் என்று நம்பும் பிள்ளைகள் இப்படித்தான் இருப்பார்கள். சத்தம் போடும் அண்ணனைப் பற்றிப் பத்துப் பேர் விசாரிக்கும் வீட்டில், இந்தப் பெண்ணை ஒருவராவது தனியே உட்காரவைத்து "உனக்கு எப்படிம்மா இருக்கு?" என்று கேட்க வேண்டும்.

பிள்ளையிடம் எவ்வளவு உண்மையைச் சொல்லலாம்? கடன், பிரிவு, சிறை போன்றவற்றைச் சொன்னால் மனம் உடைந்துபோகாதா?

மறைப்பதால் வரும் சேதம் சொல்வதால் வரும் சேதத்தைவிட அதிகம் என்பதே என் உறுதியான கருத்து. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரமிருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

தீபாவளிக்கு வந்த பெற்றோர், ஞாயிற்றுக்கிழமை இரவு ஆரப்பாளையத்தில் திருப்பூர் பேருந்தைப் பிடிப்பதற்காக, பிள்ளை தூங்கிய பிறகு சொல்லாமல் கிளம்பிப் போகும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அழுகையைப் பார்க்கத் தாங்காது என்பதுதான் காரணம். அதில் அன்பு இருப்பதை மறுக்கவில்லை. ஆனால் காலையில் எழுந்து வெறும் பாயைப் பார்க்கும் பிள்ளை, தூங்கினால் ஆள் காணாமல் போய்விடும் என்று கற்றுக்கொள்கிறது. அடுத்த முறை அம்மா வரும்போது, வந்த நிமிடத்திலிருந்தே போகும் நேரத்தை நினைத்து இறுகிப்போகிறது. பிள்ளை விழித்திருக்கும்போது, இன்ன நாள் திரும்பி வருவோம் என்று சொல்லிவிட்டு, அழுதால் அழவிட்டு, கூடவே சிறிது நேரம் இருந்துவிட்டுப் புறப்படுவதே நல்லது. அந்த அழுகை ஓய்ந்துவிடும்.

பெரிய உண்மைகளுக்கும் இதே விதிதான். பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு வீட்டில் நடப்பது பாதி தெரியும்; மீதிப் பாதியைத் தானே இட்டு நிரப்பிக்கொள்ளும். இட்டு நிரப்பும்போது பெரும்பாலும் பழியைத் தன்மேல் போட்டுக்கொள்ளும்: "என் படிப்புச் செலவுக்குத்தான் அப்பா துபாய்க்குப் போனார்", "நான் சொன்ன பேச்சுக் கேட்காததால்தான் அம்மா போய்விட்டாள்." ஆகவே கடன் இருந்தால் கடன் இருக்கிறது, இத்தனை வருடத்தில் அடைக்கப் பார்க்கிறோம் என்று சொல்லுங்கள், வட்டிக்காரர் பேசிய வார்த்தைகளைச் சொல்ல வேண்டியதில்லை. பெற்றோர் பிரிந்துவிட்டார்கள் என்றால் அதைச் சொல்லுங்கள். யார்மேல் தப்பு என்ற வழக்கைப் பிள்ளையின் முன் நடத்தாதீர்கள். தந்தை சிறையில் இருப்பதை வெளியூர் வேலை என்று சொல்லி வளர்த்தால், பள்ளியில் இன்னொரு பிள்ளையின் வாயால் அது வெளிப்படும் நாளில் அந்தப் பிள்ளை தந்தையோடு சேர்த்து உங்களையும் இழக்கும். இறப்பைச் சாமிகிட்டப் போயிருக்கிறார் என்று பூசி மெழுகாமல் இறப்பு என்றே சொல்ல வேண்டும். சடங்கில் நிற்க விரும்பும் பிள்ளையைத் தடுக்கவும் வேண்டாம், விரும்பாத பிள்ளையை இழுத்து நிறுத்தவும் வேண்டாம்.

எதைச் சொன்னாலும் மூன்று செய்திகள் அதில் இருக்கட்டும்: இது உன்னால் நடந்ததில்லை, இனி உன்னை யார் பார்த்துக்கொள்வார்கள், அடுத்து எப்போது பார்ப்போம் அல்லது பேசுவோம். திரும்பி வரும் தேதி தெரியாவிட்டால், தெரியாது என்றே சொல்லலாம். பொங்கலுக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் போவதைவிட அது ஆயிரம் மடங்கு மேல்.

தினமும் போனில் பேசுகிறோமே, அது போதாதா? என் மகள் இப்போதெல்லாம் போனை வாங்கவே மறுக்கிறாள்.

எத்தனை முறை பேசுகிறோம் என்பதைவிடச் சொன்ன நேரத்தில் பேசுகிறோமா என்பதுதான் பிள்ளைக்குப் பெரிதாகப் படும். வாரத்தில் மூன்று நாள் என்று வைத்துக்கொண்டு அதைத் தவறாமல் நிறைவேற்றுவது, நினைத்தபோதெல்லாம் அழைப்பதைவிட நல்லது. துபாய் நேரம் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால் இருப்பதால், இங்கே இரவு ஒன்பதரை என்றால் அங்கே எட்டுதான். வேலை முடிந்து பேச வசதியான நேரம். சிங்கப்பூர் இரண்டரை மணி நேரம் முன்னால் இருப்பதால், அங்கிருந்து பேசுவோர் இங்கே ஏழு மணிக்குள் அழைத்துவிடுவது நல்லது.

போனை வாங்க மறுக்கும் பெண், பெரும்பாலும் பேச்சு எங்கே போகும் என்று தெரிந்ததால் மறுக்கிறாள். சாப்பிட்டாயா, படித்தாயா, எத்தனை மார்க், அம்மாச்சி சொல்வதைக் கேட்கிறாயா என்ற நான்கு கேள்விகளுக்குப் பிறகு போன் கைமாறிவிடுகிறது. அதற்குப் பதிலாக உங்கள் நாளைப் பற்றி நீங்கள் முதலில் சொல்லுங்கள்: தங்கியிருக்கும் அறை, கூட வேலை செய்பவர்கள், இன்று சமைத்தது, பட்ட சிரமம். தன் தாய் தந்தை எங்கே எப்படி வாழ்கிறார்கள் என்பதைக் கண்முன் கொண்டுவர முடிகிற பிள்ளைக்குப் பிரிவு கொஞ்சம் சுருங்குகிறது. பாட்டி பக்கத்தில் உட்கார்ந்திருக்க, ஒலிபெருக்கியில் போட்டு எல்லோரும் கேட்கும்படி பேசுவதோடு நிறுத்தாமல், பிள்ளை தனியே பேசவும் இடம் கொடுங்கள். தன் வீட்டில் யாராவது தன்னிடம் தவறாக நடந்தால் அதைச் சொல்லப் பிள்ளைக்கு இருக்கும் ஒரே வழி அந்தத் தனிப் பேச்சாக இருக்கலாம். அப்படி ஒன்றைப் பிள்ளை சொன்னால் முதலில் நம்புங்கள். குடும்ப மானம் என்று மூடி மறைக்காதீர்கள். 18 வயதுக்குட்பட்ட எல்லோரையும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கிறது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம்.

மறுக்கும் நாளிலும் அழைப்பதை நிறுத்தாதீர்கள். எடுக்காவிட்டால் ஒரு குரல் பதிவை அனுப்பிவிட்டு, குறித்த அடுத்த நாளில் மறுபடி அழையுங்கள்.

தாய் அருகில் இல்லாதபோது பெண் பிள்ளை பெரியவளாகிறாள். என்ன கவனிக்க வேண்டும்?

சடங்கை, தாய்மாமன் சீரோடு, பெற்றோர் விடுப்பில் வரும் மாதத்துக்குத் தள்ளிவைக்கலாம். விளக்கத்தைத் தள்ளிவைக்க முடியாது. முதல் மாதவிடாய்க்கு முன்பே, பத்து வயதையொட்டி, அம்மாச்சியோ சித்தியோ அதைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டும். நாப்கின் எங்கே இருக்கிறது, வலி வந்தால் யாரிடம் சொல்வது என்பது வரை தெரிந்திருந்தால் பயம் பாதியாகும். அரசின் புதுயுகம் திட்டத்தில் வளரிளம் பெண்களுக்கு நாப்கின் இலவசமாகக் கிடைக்கிறது. கிராமச் சுகாதாரச் செவிலியரையோ அங்கன்வாடிப் பணியாளரையோ கேட்கலாம். அந்த நாளில் தாயோடு அவள் தனியே பேசுவதற்கு ஏற்பாடு செய்யுங்கள், தாய்க்கு இரவுப் பணி என்றாலும்.

ஆண் பிள்ளைகளுக்கு இந்த விளக்கம்கூடக் கிடைப்பதில்லை. மீசை முளைப்பதும் குரல் உடைவதும் கேலிப் பொருளாகின்றன; உறக்கத்தில் விந்து வெளிப்படுவதை நோய் என்று நினைத்து, சுவரொட்டி வைத்தியர்களை நம்பிப் பயந்து சாகிறார்கள். தாத்தாவோ தாய்மாமனோ பத்து நிமிடம் ஒதுக்கி, இது இயற்கை என்று சொல்லிவிட்டால் போதும்.

விடுதியில் சேர்த்திருக்கிறோம். முதல் மாதம் அழுகிறான். திரும்ப அழைத்து வந்துவிடலாமா?

ஆதிதிராவிடர் நல விடுதிகள், பிற்படுத்தப்பட்டோர் விடுதிகள், மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களின் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளைச் சேர்ந்த விடுதிகள் ஆகியவை இல்லாவிட்டால் படிப்பே கிடைத்திருக்காத பிள்ளைகள் ஏராளம். முதல் சில வாரங்களின் வீட்டு நினைப்பு இயல்பானது. இரவிலும் ஞாயிற்றுக்கிழமை மாலையிலும் அது கூடும், நண்பர்கள் கிடைத்ததும் மெல்லக் குறையும். வருகிறேன் என்று சொன்ன வாரம் கட்டாயம் போய்ப் பாருங்கள். வீட்டிலிருந்து ஒரு போர்வையையோ புகைப்படத்தையோ வைத்துக்கொள்ள விடுங்கள். மாதக்கணக்கில் அழுகை குறையாமல் இருந்தாலும், உடம்பில் காயம் தெரிந்தாலும், குறிப்பிட்ட ஒரு ஆளின் பெயரைக் கேட்டதும் முகம் மாறினாலும், சாதியைச் சொல்லிக் கேலி செய்கிறார்கள் என்று சொன்னாலும், அது வீட்டு நினைப்பு இல்லை. அப்போது காப்பாளரிடம் நேரில் பேசுங்கள். பயனில்லாவிட்டால் அழைத்து வந்துவிடுங்கள். ஒரு வருடப் படிப்பை ஈடுகட்டிவிடலாம்.

வறுமையால் பிள்ளையைக் குழந்தைகள் இல்லத்தில் விடச் சொல்கிறார்கள். சரியா?

வறுமை ஒன்றே காரணம் என்றால் அவசரப்பட வேண்டாம். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் பிள்ளையைக் குடும்பத்தில் வைத்திருப்பதையே முதலில் பார்க்கச் சொல்கிறது. இல்லம் கடைசி வழி. இல்லத்தில் சேர்ப்பதும் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் ஆணைப்படிதான் நடக்க வேண்டும். தரகர் போல வந்து, நல்ல பள்ளி என்று சொல்லி வெளியூருக்கு அழைத்துப் போகிறவர்களிடம் பிள்ளையை ஒப்படைக்காதீர்கள். மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவின் நிதி ஆதரவில் தகுதியுள்ள பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் கிடைக்கிறது. கிராமப்புறத்தில் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கும், மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்கும் மிகாமல் இருக்க வேண்டும். பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கும், ஒருவரை இழந்து மற்றவரால் பராமரிக்க இயலாத நிலையில் உள்ள பிள்ளைகளுக்கும் 2025இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு அரசின் அன்புக்கரங்கள் திட்டத்தில் மாதம் 2,000 ரூபாய் வழங்கப்படுகிறது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விசாரியுங்கள்.

ஆசிரியராக நான் என்ன செய்ய முடியும்?

"நாளைக்கு அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தால்தான் வகுப்புக்குள் விடுவேன்" என்ற வாக்கியத்தை விட்டுவிடுங்கள். தப்புச் செய்த மாணவனை அது திருத்தாது. அப்பா இல்லாததை நாற்பது பேர் முன் சொல்லவைக்கும், அல்லது மறுநாள் முதல் பள்ளிக்கே வராமல் செய்யும். வீட்டிலிருந்து ஒரு பெரியவர் வரட்டும் என்று சொன்னால் போதும். பெற்றோர் கூட்டத்துக்கு வரும் பாட்டிக்கு நாற்காலி போட்டு, தெரிந்த சொற்களில் பேசுங்கள். வகுப்பில் யார் யாரோடு வாழ்கிறார்கள் என்பதை ஆண்டின் தொடக்கத்திலேயே தனித்தனியாகக் கேட்டு மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தேர்வு முடிவு வெளிவரும் நாளில், தனியாக இருக்கும் பிள்ளைகளை நீங்களே அழைத்துப் பேசுங்கள். பள்ளிக் கல்வித் துறையின் 14417 என்ற உதவி எண் மாணவர்களுக்குத் தெரியும்படி வகுப்பில் எழுதிவையுங்கள். பெற்றோர் அருகில் இல்லாத பிள்ளைக்கு, தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு நேற்று ஏன் வரவில்லை என்று விசாரிக்கும் ஒரு ஆசிரியர் எவ்வளவு பெரிய துணை என்பதைப் பாடத்திட்டத்தின் அவசரத்தில் நாம் மறந்துவிடுகிறோம்.

"செத்துப்போகலாம் போல இருக்கிறது" என்கிறாள். பயமுறுத்துவதற்காகச் சொல்கிறாளா?

அப்படி முடிவுகட்டாதீர்கள். சாக வேண்டும் என்று நினைக்கிறாயா என்று அமைதியாக நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, பேச ஒரு கதவு திறக்கும். அவளைத் தனியே விடாதீர்கள். பூச்சிமருந்து, மாத்திரைகள் ஆகியவற்றை அவள் கைக்கு எட்டாமல் பூட்டிவையுங்கள், அல்லது வேறு வீட்டுக்கு மாற்றுங்கள். அரசின் தொலைபேசி மனநல உதவியான டெலி மானஸ் சேவையின் 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். 104 என்ற எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும். ஆபத்து கண்முன் தெரிந்தால் 108ஐ அழையுங்கள், அல்லது அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கு உடனே கொண்டுசெல்லுங்கள். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. போலீஸ் வழக்கு வரும் என்று பயந்து சிகிச்சையைத் தாமதிக்கும் குடும்பங்கள் இன்னமும் உண்டு. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்பட வேண்டும் என்றும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்றும் சொல்கிறது. பெற்றோரை உடனே அழைத்துச் சொல்லுங்கள். வெளியூரில் இருப்பவர்களைக் கலங்கடிக்க வேண்டாம் என்று மறைக்கும் நேரம் இதுவன்று.

மனநல மருத்துவரிடம் போனால் நாளைக்குக் கல்யாணம் காட்சிக்குத் தடையாகாதா? மந்திரித்துக் கயிறு கட்டினால் போதாதா?

கயிறு கட்டுவது குடும்பத்துக்கு ஆறுதல் தருமானால் கட்டிக்கொள்ளுங்கள். மருத்துவரைப் பார்ப்பதை அதற்காகத் தள்ளிப்போடாதீர்கள். மருத்துவர் உங்கள் பிள்ளையைப் பற்றி ஊரில் சொல்லமாட்டார். அது சட்டப்படி அவருக்குள்ள கடமை. பல பிள்ளைகளுக்குப் பேசுவதே போதும், மாத்திரை தேவைப்படுவதில்லை.

"ஊரைவிட்டுப் போன அம்மாமேல் எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. எங்களுக்காகத்தானே கஷ்டப்படுகிறாள், நான் நன்றிகெட்டவளா?"

இல்லை, கண்ணு. அம்மா உனக்காக உழைக்கிறாள் என்பதும், அவள் உன் பக்கத்தில் இல்லாதது உன்னை வாட்டுகிறது என்பதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம். கோபத்தை அவளிடமே சொல்லலாம். "நீ வரமாட்டேங்கிற" என்று தொடங்குவதைவிட, "நீ இல்லாம எனக்கு இன்ன இன்ன நாள் கஷ்டமா இருந்துச்சு" என்று சொல்லிப் பார். சொல்ல முடியாவிட்டால் எழுதி வை. பள்ளியிலோ தெருவிலோ நீ நம்பும் ஒரு பெரியவரிடமாவது சொல். எல்லாவற்றையும் நீயே தாங்க வேண்டும் என்று யாரும் உனக்குச் சட்டம் போடவில்லை.

வேலையை முடித்துக்கொண்டு ஊருக்கே வந்துவிட்டோம். ஆனால் மகன் எங்களிடம் ஒட்டவில்லை. ஏன்?

ஐந்தாறு வருடம் நீங்கள் இல்லாமலே வாழப் பழகியவன் அவன். நீங்கள் விட்டுப்போன எட்டு வயதுப் பிள்ளையைத் தேடுகிறீர்கள். அவனோ உங்களை வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் போலப் பார்க்கிறான். முதல் சில மாதங்களுக்கு அவனுடைய படிப்பு நேரம், நண்பர்கள், முடிவெட்டு ஆகியவற்றில் புதுச் சட்டங்கள் போடாதீர்கள். கண்டிக்கும் உரிமையை அம்மாச்சியிடமிருந்து ஒரே நாளில் பிடுங்கிக்கொள்ளாதீர்கள். இத்தனை நாள் வளர்த்தவரை அவன் முன்னால் குறைசொன்னால் அவன் அவர் பக்கமே நிற்பான். கூடச் சந்தைக்குப் போவது, வண்டி துடைப்பது, தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சுவது என்று முகம் பார்க்காமல் செய்யும் வேலைகளில் அவனைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த வயதுப் பையன்கள் அப்போதுதான் பேசுவார்கள். நாங்கள் இல்லாத வருடங்களில் உனக்கு எப்படி இருந்தது என்று ஒருநாள் கேளுங்கள். கேட்டுவிட்டு, உங்கள் காரணங்களைச் சொல்லத் தொடங்காமல், அவன் சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருங்கள். இரவில் அவன் இன்னமும் அம்மாச்சி வீட்டிலேயே போய்ப் படுக்க விரும்பினால் படுக்கட்டும்.